ஆடைக்காக ஆளா? ஆளுக்காக ஆடையா?

"உங்கள் சைஸ் இங்கே வராது, ஆன்லைனில் பாருங்கள்!"

ஊர்தோறும் துணிக்கடைகளிலே நாள்தோறும் ஒலிக்கும் வாசகம் இது. நான்கு மாடிக் கட்டடம், நகரும் படிக்கட்டு, குளிரூட்டிய கூடம், கண்ணைப் பறிக்கும் விளக்கு. ஆயிரமாயிரம் ஆடைகள் அணிவகுத்துத் தொங்குகின்றன. ஆயினும், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு உடுத்திக்கொள்ள ஒரு சுரிதார் இல்லை! அவள் செய்த குற்றம் என்ன? மார்பளவு 48 அங்குலம்! கடையின் தட்டோ 44 அங்குலத்தோடு முடிந்துவிடுகிறது. அவளுக்குப் பின்னே நிற்கும் இளைஞன் ஆறரை அடி உயரம். அவனுக்கும் இல்லை. அடுத்து நிற்கும் ஆசிரியைக்கு நான்கரை அடி உயரம். அவரைக் குழந்தைகள் பகுதிக்குப் போகச் சொல்கிறார்கள்!

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று பழமொழி பேசும் நாடு இது. அப்படியானால், ஆடை இல்லை என்று சொல்லப்படும் மனிதர் பாதி மனிதர்தாமோ?

"போயும் போயும் சட்டையின் அளவா? இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். இந்த மண்ணில் ஆடை என்றைக்குமே அற்பப் பொருளாக இருந்ததில்லை. இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த பழைய திருவிதாங்கூரில், மார்பை மறைக்க ஒரு துண்டுத் துணி வேண்டும் என்று கேட்டதற்காகப் பெண்கள் அடிக்கப்பட்டனர். அவர்கள் அணிந்த ஆடை கிழிக்கப்பட்டது. பத்தாண்டுகள் பலவாக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் இறுதியில், 1859 ஆம் ஆண்டு மன்னர் இறங்கி வந்தார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் வெளியிட்டார். அதிலும் ஒரு நிபந்தனை! அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப்போல் அணியக்கூடாது!

அந்தக் கொடுமையும் இன்றைய துணிக்கடைக் குறையும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அந்தத் தாய்மார்கள் சிந்திய இரத்தத்தை மலிவாக்குவதாகும். ஆனால், அந்த நிபந்தனையின் சாயலை உற்றுப் பாருங்கள். 'உனக்கும் உண்டு, ஆனால் மற்றவர்க்கு உள்ளதுபோல் அல்ல, மற்றவர் நிற்கும் இடத்தில் அல்ல' என்பது அதன் பொருள். சலுகை கொடுப்பதுபோல் கொடுத்து, சமத்துவத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் தந்திரம் அது. அந்தச் சாயல் இன்னும் சாகவில்லை என்பதே நமது வாதம்.

கடைக்காரரின் சமாதானங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பகுத்தறிவுத் தராசிலே நிறுத்துப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: "பெரிய அளவு தைப்பது கடினம்."

இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயத்த ஆடை தைப்போர் நடுத்தர அளவு ஒன்றுக்குப் பேட்டர்ன் வெட்டுவர். பிறகு ஒவ்வொரு படிக்கும் சுற்றளவில் ஏறத்தாழ 2 அங்குலம் கூட்டிக்கொண்டே போவர். சில படிகள்வரை இந்தக் கணக்குச் செல்லும்; அதற்குமேல் செல்லாது. உடல் பருக்கிற விகிதத்தில் தோள் அகல்வதில்லை, கழுத்தும் விரிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் தோள் நழுவும், அக்குள் பிடிக்கும். ஆகவே பெரிய அளவுக்குத் தனிப் பேட்டர்ன் வேண்டும். அதற்கு உழைப்பும் செலவும் உண்டு. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் "ஆன்லைனில் பாருங்கள்" என்று வழி காட்டுபவரும் இவரே அல்லவா? அதே நிறுவனம், அதே முத்திரை, அதே துணி, அதே பூவேலை. கைப்பேசித் திரையிலே நான்கு எக்ஸெல்வரை வரிசையாக வருகிறதே! பேட்டர்ன் வெட்டியாகிவிட்டது, ஆடை தைத்தாகிவிட்டது, கிடங்கிலே அடுக்கியாகிவிட்டது. பிறகு எங்கே போயிற்று கடினம்? தைக்க முடியாமல் இல்லை, தட்டிலே வைக்க மனமில்லை! இயலாமை என்று சொல்லப்பட்டது இயலாமை அல்ல, மறுப்பு.

இரண்டாம் சமாதானம்: "கேட்பார் இல்லை; வைத்தால் தேங்கிவிடும்."

எவ்வளவு அழகான தர்க்கம்! மொத்த வியாபாரத்தில் ஆடைகள் 'செட்' கணக்கில் வரும். எம் ஒன்று, எல் ஒன்று, எக்ஸெல் ஒன்று, டபுள் எக்ஸெல் ஒன்று என்று கட்டிக் கொடுப்பர். கடைக்காரர் அதை வாங்கி மாட்டுகிறார், மாட்டியது விற்கிறது. ஆண்டு முடிவில் கணக்கைப் புரட்டி, "இந்த நான்கு அளவுதான் விற்றிருக்கிறது, ஆகவே இந்த நான்குக்குத்தான் தேவை இருக்கிறது" என்று தீர்ப்பெழுதுகிறார். வாங்கியவர் கணக்கில் இருக்கிறார். வெறுங்கையோடு திரும்பியவர் எந்த ஏட்டில் இருக்கிறார்? கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் வரவில்லை என்று சாட்சி சொல்வதா? பள்ளிக்கூடமே இல்லாத ஊரிலே படித்தவர் இல்லையென்று பரிகசித்த பழைய பண்டிதர்களின் தர்க்கமும் இதுதானே! இரண்டு முறை அவமானப்பட்டவர் மூன்றாம் முறை அந்தக் கடையின் படி ஏறமாட்டார். பிறகு கடைக்காரர், "அத்தகையவர்கள் நம் கடைக்கு வருவதே இல்லை" என்கிறார். வராமல் செய்தவரே அவர்தாமே!

மூன்றாம் சமாதானம்: "அதற்குத்தான் ஆன்லைன் இருக்கிறதே!"

நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்லர்; விஞ்ஞானம் தந்த வசதியை வெறுக்கும் மூடர்களும் அல்லர். சிற்றூரிலே இருக்கும் ஒரு பெண், யாருடைய கேலிப் பார்வையும் படாமல், தனக்கேற்ற ஆடையைத் தானே தேர்ந்து வரவழைக்கிறாள் என்றால், வரவேற்கிறோம். ஆனால் வசதி என்பது வேறு, வழியின்மை என்பது வேறு. விரும்பியவர் வீட்டிலிருந்து வாங்கட்டும். அது உரிமை. 'நீ வீட்டிலிருந்துதான் வாங்கவேண்டும்' என்பது உரிமையா, ஒதுக்கலா?

இணையவழியில் வாங்குவோர் படும் பாட்டையும் பாருங்கள். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. திரையில் கருநீலம், பொட்டலத்திலே கறுப்பு. ஒரு நிறுவனத்தின் எக்ஸெல் மற்றொரு நிறுவனத்தின் டபுள் எக்ஸெல். வந்தது பொருந்தாது; திருப்பி அனுப்பவேண்டும். எடுத்துச் செல்ல ஆள் வருவதற்காக ஒரு நாள் காத்திருக்கவேண்டும். சில ஊர்களின் அஞ்சல் குறியீட்டுக்கு அந்தச் சேவையே கிடையாது. பணம் திரும்பிவரச் சில நாள். அதற்குள் திருமணம் முடிந்துவிடும், நேர்முகத் தேர்வு நடந்துவிடும்! ஒல்லியான தோழி பத்து ஆடைகளைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் சிரித்து, ஒன்றைத் தேர்ந்து எடுத்துச் செல்கிறாள். பருத்த தோழியோ அவளுக்குப் பை தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இருவரிடமும் இருப்பது ஒரே அரசாங்கத்தின் ரூபாய்த் தாள். ஆனால் ஒருத்தியின் தாளுக்குக் கடை உண்டு, மற்றவளின் தாளுக்குக் கிடங்கு மட்டுமே! பணம் மட்டும் வரலாம், உடல் வரக்கூடாது என்பதல்லவா இதன் பொருள்?

இனி, இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்போம். பகுத்தறிவாளன் எந்த விதியைக் கண்டாலும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'இதை எழுதியவன் யார்?' என்பதல்லவா?

அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை 1939-40 இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தனர். பெரிய முயற்சிதான். ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை! அந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1958 இல் பெண்கள் ஆடைக்கு அளவுத் தரம் ஒன்றை அந்த அரசு வெளியிட்டது. 1983 இல் அந்தத் தரத்தையே கைவிட்டது. பிறகு நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி எண்களை ஒட்டின. வாங்குபவரை மெலிந்தவர் என்று மகிழவைக்க, எண்ணைக் குறைத்தன. 1958 இல் 16 என்ற எண்ணுக்குள் அடங்கிய உடலுக்கு இன்று அங்கே ஏறத்தாழ 8 என்ற எண் கிடைக்கும். உடல் மாறவில்லை, ஒட்டிய எண் மாறிற்று! இந்த எண்ணைப் பார்த்துத்தான் நம் பெண்கள் கண்ணீர் வடிக்கின்றனர். அது கடவுள் எழுதிய தலையெழுத்து அன்று. வியாபாரி எழுதிய விளம்பர எழுத்து!

நம் நாட்டின் நிலையோ இன்னும் வேடிக்கை. நம் கடைகளிலே தொங்கும் எஸ், எம், எல் எல்லாம் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரவல் பெற்ற அளவுகளைச் சிறிது கூட்டியும் குறைத்தும் செய்தவை. நம் மக்களின் உடலை அளந்து, நமக்கென ஓர் அளவை வகுக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்ததே 2018 இல்தான். ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயதுவரை உள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது அதன் நோக்கம். விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கழிந்தபின் தோன்றிய ஞானம்! இரவல் அளவுகோலை வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்காத தமிழச்சியைப் பார்த்து, "உன் உடம்பு சரியில்லை" என்கிறான் வியாபாரி. செருப்புக்காகக் காலைத் தறிக்கச் சொல்லும் கதையல்லவா இது?

திருப்பூரை நினைத்துப் பாருங்கள். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் அது. எந்த நாட்டார் எந்த அளவு கேட்டாலும், அங்குலம் பிசகாமல் தைத்துக் கொடுக்கும் கைகள் நம் தமிழ்ப் பெண்களின் கைகள். கடல் கடந்த உடலுக்கெல்லாம் ஆடை தைக்கும் அந்தப் பெண், தன் ஊர்க் கடையிலே தனக்கு ஆடை தேடினால், "சைஸ் இல்லை" என்பார்களாம்!

"உடம்பைக் குறைத்துக்கொள்வதுதானே?" என்று உபதேசிக்கும் உத்தமர்கள் உண்டு. பிள்ளைப்பேறு, தைராய்டு, உண்ணும் மருந்து, பெற்றோர் வழி வந்த உடல்வாகு என்று உடல் பருக்கக் காரணம் பல. அதை ஆராயவேண்டியவர் மருத்துவர்; துணிக்கடை விற்பனையாளர் அல்லர். அவர்கள் சொல்வதுபோலவே இளைக்க முயல்வதாக வைத்துக்கொள்வோம். இளைக்கும் வரையில் எதை உடுத்துவது? உடற்பயிற்சிக்குப் போவதற்கும் ஓர் உடை வேண்டாமா? ஆடை என்பது நல்ல உடலுக்குக் கிடைக்கும் பரிசு அன்று; மனிதராய்ப் பிறந்த எவருக்கும் உரிய மானம்.

"சேலை இருக்கிறதே! அதற்கு அளவே இல்லையே!" என்று பழைமை பாடுவோர் ஒருபுறம். சேலையை விரும்பி உடுத்துவோர் உடுத்தட்டும். ஆனால் பேருந்து ஏறி, படி ஏறி, வண்டி ஓட்டி, நாள் முழுதும் உழைக்கும் பெண் எது வசதி என்பதைத் தானே முடிவு செய்யவேண்டும். பெண்கள் வேலைக்கேற்ற எளிய உடை உடுத்தவேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார் தந்தை பெரியார். அவர் திறந்துவிட்ட கதவை, அளவுச் சீட்டை ஒட்டி மறுபடியும் அடைக்க விடலாமா?

முடியாத காரியமா கேட்கிறோம்? இந்தத் தமிழ்நாட்டிலே, சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை அரசு தருகிறது. மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கத்தினர் பிள்ளைகளை அளந்து தைக்கின்றனர். நீளம் குறைந்ததும் தோள் தொங்கியதுமாகச் சில வந்து சேர்வதுண்டு. வகுப்பறையில் நிற்கும் நாம் அதைக் காண்கிறோம். ஆயினும் எந்தப் பிள்ளையையும் பார்த்து, "உன் உடம்புக்கு இங்கே சீருடை இல்லை" என்று சொல்வதில்லை. பிள்ளையை அளந்து துணியை வெட்டுகிறார்களே அன்றி, துணியை வெட்டிவிட்டுப் பிள்ளையைத் தேடுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்துத் தாய்மார்களுக்கு இருக்கும் அறிவு, கோடிகள் புரளும் கடைகளுக்கு ஏன் இல்லை?

ஆகவே, இளைஞர்களே, நாம் கேட்க வேண்டியவை இவை. எந்த அளவை ஒரு நிறுவனம் இணையத்தில் விற்கிறதோ, அந்த அளவில் ஒவ்வொன்றேனும் கடையிலே இருக்கவேண்டும். போட்டுப் பார்த்து வாங்க உரிமை வேண்டும். பெரிய அளவுக்கென்று தனி விலை கூடாது. அளவுக் குறியோடு சென்டிமீட்டர் கணக்கும் ஆடையிலே இருக்கவேண்டும் என்று ஒன்றிய அரசின் அளவியல் விதிகளில் 2022 இல் திருத்தம் வந்தது; அது எங்கே என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். நம் மக்களை அளந்தெடுத்த அளவு ஆய்வாளர் மேசையிலே தூங்காமல் கடைத் தட்டுவரை வரவேண்டும். அதில் சிற்றூர்ப் பெண்ணின் உடலும், மாற்றுத்திறனாளியின் உடலும் இடம்பெறவேண்டும்.

அதற்கும் முன்பு, நம் உள்ளத்திலே ஒரு மாற்றம் வேண்டும். பருத்தவளைக் கண்டு சிரிக்கும் பழக்கம், குட்டையனுக்குப் பட்டப்பெயர் சூட்டும் பழக்கம், நண்பர் கூட்டத்தில் நகைச்சுவை என்ற பெயரால் நடமாடுகிறது. தலையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று உடலின் பேரால் மனிதனை அடுக்கிய புராணப் புரட்டை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் நாம். இன்னொருவகை உடற்பெருமைக்கு நாமே பூசாரிகள் ஆகலாமா?

எந்தச் சட்டமும் மனிதருக்காக. எந்தச் சட்டையும் மனிதருக்காக. பொருந்தாத சட்டத்தைத் திருத்தக் கற்றுக்கொண்ட நாம், பொருந்தாத சட்டையைக் கண்டு தலைகுனிய வேண்டாம். அளவுநாடாவை உடலின் கழுத்திலே சுருக்காக மாட்டியது போதும். அதை எடுத்து, கடையின் நேர்மையை அளக்கத் தொடங்குவோம்!