800 கடைகள் மூடின! கோந்தும் காகிதமும் விற்றவர்கள் கதி என்ன?

அமெரிக்காவில் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 800 கடைகள் மூடப்பட்டன. அத்தனையும் ஒரே கம்பெனியின் கடைகள்!

அவை நகைக் கடைகள் அல்ல. கார் விற்கும் கடைகளும் அல்ல. துணி, நூல், ஊசி, வர்ணக் காகிதம், கோந்து, ரிப்பன், ஸ்டிக்கர் விற்ற கடைகள். வீட்டுப் பெண்கள் விரும்பிப் போன கடைகள்.

கம்பெனியின் பெயர் ‘ஜோஆன்’. 1943-ம் ஆண்டு, ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரில் ஒரு சிறிய துணிக்கடையாகத் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நடத்திய கடை அது. பிறகு, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவரின் பெயர்களைச் சேர்த்து ‘ஜோஆன்’ என்று பெயர் வைத்தார்கள்.

2025-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் கடைசிக் கடையின் கதவும் சாத்தப்பட்டது. கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சுமார் 19,000 பேர்.

அப்படியானால், அமெரிக்கப் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டார்களா?

இல்லை. வாங்குகிற இடம் மாறிவிட்டது. விற்கிற ஆளும் மாறிவிட்டார். அதுமட்டும் அல்ல; கடன் என்ற பூதமும் இந்தக் கதையில் இருக்கிறது.

ஒட்டு ஏடு என்றால் என்ன?

அமெரிக்கர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்று ‘ஸ்கிராப்புக்’. வெட்டி ஒட்டும் ஏடு என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாரா வாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்து வைப்பார்கள். ஒட்டு ஏடும் ஏறக்குறைய அந்த ஆசையில் பிறந்ததுதான். ஆனால் அதில் இருப்பது பிறர் எழுதிய கதை அல்ல. சொந்தக் குடும்பத்தின் கதை.

குழந்தையின் முதல் படம், ரெயில் டிக்கெட், பிறந்த நாள் வாழ்த்து, கல்யாண அழைப்பு, பாட்டி எழுதிய கடிதம். எல்லாவற்றையும் அழகாக ஒட்டுவார்கள். சுற்றிலும் வர்ணக் காகிதமும் ரிப்பனும் வைப்பார்கள். பக்கத்தில் ‘இது எந்த ஊர், எந்த ஆண்டு’ என்று கையால் எழுதுவார்கள்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், கண் கலங்கும்!

எழுத்தாளர் கண்டுபிடித்த ஏடு

இந்தப் பழக்கம் புதியது அல்ல. மார்க் டுவெயின் என்ற புகழ் பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேப்பரில் வருவதை வெட்டி ஒட்டுவதில் பிரியம் உள்ளவர். கோந்தைக் குழைத்து, கையெல்லாம் பிசுபிசுக்க ஒட்டுவது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் ஒரு வழி செய்தார். பக்கத்திலேயே கோந்து தடவிக் காயவைத்த ஏடு! தண்ணீரால் நனைத்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். தபால் தலை மாதிரி. 1873-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஏடுகள் நன்றாக விற்றன.

ஆக, இந்தப் பொழுதுபோக்குக்குச் சாமான் விற்றுப் பணம் சம்பாதிப்பது 150 ஆண்டு பழக்கம்.

பேப்பரில் வராத சரித்திரம்

ஒட்டு ஏடு வெறும் விளையாட்டு என்று நினைத்து விடக் கூடாது.

பிலடெல்பியா நகரில் வில்லியம் டார்சி என்ற கறுப்பினத்தவர் இருந்தார். தம் மக்களைப் பற்றி எந்தப் பேப்பரில் எந்த மூலையில் செய்தி வந்தாலும் வெட்டி வைத்தார். அவர் சேர்த்தவை 400-க்குச் சற்றுக் குறைவான ஏடுகள்!

நியூயார்க்கில் அலெக்சாண்டர் கம்பி என்பவரும் இப்படியே செய்தார். அவருடைய ஏடுகள் 1950-ல் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பெரிய புத்தகங்கள் அந்த மக்களின் கதையை எழுத மறந்த காலம் அது. கத்தரிக்கோலும் கோந்தும்தான் அந்தக் கதையைக் காப்பாற்றின. இன்று ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றைத் தேடிப் போய்ப் படிக்கிறார்கள்.

மஞ்சள் பூத்த படங்கள்

இந்தப் பொழுதுபோக்கு பெரிய வியாபாரமாக மாறியது எப்படி? அதற்குக் காரணம் ஒரு பயம்!

1970-களில் ஒருவகை ஆல்பம் விற்றார்கள். பக்கத்தில் பசைக் கோடு இருக்கும். படத்தை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை மூடினால் போதும். வேலை சுலபம். வீட்டுக்கு வீடு வாங்கினார்கள்.

சில ஆண்டுகள் போயின. படங்கள் மஞ்சள் பூத்தன. பிரித்து எடுக்கப் போனால் கிழிந்தன. பசையிலும், அட்டையின் அமிலத்திலும், பிளாஸ்டிக்கிலும் இருந்த இரசாயனம் படத்தைத் தின்றுகொண்டிருந்தது!

யூட்டா மாநிலத்தில் மாரிலென் கிறிஸ்டென்சென் என்ற பெண்மணி இதற்கு மாற்றுத் தேடினார். யூட்டாவில் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள் அதிகம். குல வரலாற்றை எழுதி வைப்பதை அவர்கள் சமயக் கடமையாகவே மதிப்பவர்கள். அந்த அம்மையார் அமிலம் இல்லாத காகிதத்தில் குடும்ப ஏடுகள் செய்தார். 1980-ல் சால்ட் லேக் நகரில் நடந்த உலக ஆவண மாநாட்டில் 50-க்கு மேற்பட்ட ஏடுகளைக் காட்சிக்கு வைத்தார்.

பார்த்தவர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ‘இந்தக் காகிதம் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டார்கள். 1981-ல் அந்தக் குடும்பம் ஒரு கடையே திறந்துவிட்டது.

1987-ல் ‘கிரியேட்டிவ் மெமரீஸ்’ என்ற கம்பெனி பிறந்தது. அதற்குக் கடை கிடையாது. குடும்பப் பெண்கள் தங்கள் வீட்டுக்கு நாலு பேரை அழைப்பார்கள். தேநீர் கொடுப்பார்கள். ஒட்டு ஏடு செய்யக் கற்றுக் கொடுப்பார்கள். கூடவே சாமானும் விற்பார்கள். சனிக்கிழமை மாலை கூடிப் பேசினாற்போலவும் ஆயிற்று. நாலு காசு வந்தாற்போலவும் ஆயிற்று.

போன் வந்தது, ஆல்பம் போனது

பிறகு காலம் திரும்பியது.

பிலிம் போட்டு எடுத்த கேமரா போய், டிஜிட்டல் கேமரா வந்தது. அதையும் விழுங்கியது கைபேசி. ஒரு நாளில் 100 படம் எடுக்கிறார்கள். ஒன்றைக்கூடக் காகிதத்தில் போடுவது இல்லை. படமே காகிதத்தில் இல்லாதபோது ஆல்பம் எதற்கு?

2008-ல் அமெரிக்காவில் பணமுடை. அந்த ஆண்டே ‘கிரியேட்டிவ் மெமரீஸ்’ கம்பெனியின் தாய்க் கம்பெனி கடனுக்குப் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. 2012-ல் பிலிமுக்குப் பேர்போன ‘கோடாக்’ கம்பெனியே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. ஒட்டு ஏட்டுச் சாமான்களை மட்டுமே நம்பிய ‘ஆர்க்கைவர்ஸ்’ கடைகள் 2014-ல் மூடப்பட்டன.

ஆசை சாகவில்லை, சுருங்கியது. மிஞ்சியவர்கள் இணையத்தின் பக்கம் திரும்பினார்கள்.

சாப்பாட்டு மேஜையே கடை!

2005-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ‘எட்சி’ என்ற இணையச் சந்தை தொடங்கியது. கையால் செய்த பொருள், 20 ஆண்டுக்கு மேற்பட்ட பழம் பொருள், கைவினைச் சாமான் ஆகிய மூன்றையும் அங்கே விற்கலாம். கடை வாடகை இல்லை. அட்வான்ஸ் இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் காகிதக் கட்டை வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டால், வியாபாரி ஆகிவிடலாம்!

கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கும், வெளியே வேலைக்குப் போக முடியாதவர்களுக்கும் இது பெரிய வசதி. சந்தேகமே இல்லை.

ஆனால் வாடகை இல்லை என்பது உண்மைதானா? கணக்குப் பார்க்கலாம்.

10 டாலருக்கு ஒரு கட்டு வர்ணக் காகிதம் விற்கிறார் ஒரு பெண்மணி. தபால் செலவும் அவருடையதே. 2025-ம் ஆண்டு விகிதப்படி பிடித்தம் இது:

பொருளைப் பட்டியலில் போட 20 சென்ட்.

விற்பனைக் கட்டணம் 100-க்கு 6½ வீதம் 65 சென்ட்.

பணம் வாங்கித் தரும் கூலி 100-க்கு 3 வீதமும், மேலே 25 சென்டும். ஆக 55 சென்ட்.

மொத்தம் 1 டாலர் 40 சென்ட். கைக்கு வருவது 8 டாலர் 60 சென்ட்.

வேறு இடத்தில் எட்சி போட்ட விளம்பரத்தைப் பார்த்து அந்த ஆள் வந்திருந்தால், சிறு வியாபாரியிடம் மேலும் 100-க்கு 15 பிடிப்பார்கள். அதாவது 1 டாலர் 50 சென்ட். இந்த விளம்பரம் வேண்டாம் என்று சிறு வியாபாரி சொல்லலாம். ஆண்டுக்கு 10,000 டாலர் விற்றவர் அப்படிச் சொல்ல முடியாது; அவருக்கு வீதம் 12.

விளம்பரமும் சேர்ந்தால் மிஞ்சுவது 7 டாலர் 10 சென்ட். காகிதத்தின் கொள்முதல் 3 டாலர், உறையும் தபாலும் 4 டாலர் என்று வைத்துக்கொண்டால், லாபம் எவ்வளவு?

10 சென்ட்! மடித்துக் கட்டிய கூலிகூட இல்லை.

விற்பவர்கள் செய்த கடையடைப்பு

எட்சியின் விற்பனைக் கட்டணம் 2018-க்கு முன் 100-க்கு 3½ தான். 2018-ல் 5 ஆயிற்று. 2022 ஏப்ரல் 11-ந் தேதி 6½ ஆயிற்று.

அன்றைக்கே ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் ஒரு வாரம் தங்கள் இணையக் கடைகளை மூடி வைத்தார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. ஆனாலும் அது கடையடைப்புத்தான். கட்டணம் இறங்கவில்லை.

2021-ல் நடந்தது வேறு மாதிரி. காகிதத்தை அழகாக வெட்டித் தரும் ‘கிரிகட்’ என்ற மெஷின் இருக்கிறது. அதை வாங்கியவர்கள் சொந்தப் படங்களை மாதம் 20 மட்டுமே ஏற்றலாம், மேலே வேண்டுமானால் மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று கம்பெனி அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய மெஷினுக்கு மாத வாடகையா என்று பெண்கள் கொதித்தார்கள். சில நாட்களில் கம்பெனி பின்வாங்கியது.

ஒருமுறை தோல்வி, ஒருமுறை வெற்றி. ஏன்? மெஷின் கம்பெனிக்கு, வாங்குபவர்கள் கோபித்தால் வியாபாரம் படுத்துவிடும். சந்தைக்காரருக்கோ, ஒரு வியாபாரி போனால் இன்னொருவர் வருவார். அதுதான் வித்தியாசம்.

ஜோஆன் விழுந்த காரணம்

அப்படியானால் ஜோஆனைக் கொன்றது இணையம்தானா? பாதிதான் உண்மை.

2011-ல் ஒரு முதலீட்டுக் கம்பெனி ஜோஆனை 160 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. வாங்கியதற்கான கடனில் பெரும் பகுதி கடையின் தலையிலேயே ஏறியது. 2020-ல் கொரோனா வந்தது. எல்லாரும் வீட்டில் முகக்கவசம் தைத்தார்கள். விற்பனை பெருகியது. நோய் ஓய்ந்ததும் விற்பனையும் ஓய்ந்தது. கடன் மட்டும் ஓயவில்லை, வட்டியும் ஏறியது.

2024 மார்ச்சில் முதல் மஞ்சள் கடுதாசி. சுமார் 50 கோடி டாலர் கடனைக் குறைத்துக்கொண்டு எழுந்தது. 2025 ஜனவரியில் இரண்டாவது கடுதாசி. அப்போதும் 60 கோடி டாலருக்கு மேல் கடன்! பிப்ரவரியில் எல்லாக் கடைகளையும் மூட முடிவாயிற்று. அந்த மாதக் கடைசிக்குப் பிறகு பரிசுச் சீட்டுக்கூடச் செல்லாது என்றார்கள்.

ஜோஆன் என்ற பெயரை 2025 ஜூனில் ‘மைக்கேல்ஸ்’ என்ற போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

பார்சலுக்கு வந்த சோதனை

கடை மூடினால் இணைய வியாபாரிக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். அவருக்கும் 2025-ல் ஓர் அடி விழுந்தது.

2016 முதல், 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல்கள் சுங்க வரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் வந்தன. ஸ்டிக்கரும் மணியும் ரிப்பனும் சீனாவிலிருந்து மலிவாக வந்து இறங்கின. 2025 மே 2-ந் தேதி சீனப் பார்சலுக்கு அந்தச் சலுகை நின்றது. ஆகஸ்ட் 29-ந் தேதி எல்லா நாட்டுக்கும் நின்றது.

யார் வரி வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பதில் குழப்பம். பல நாட்டுத் தபால் இலாகாக்கள் பார்சல் வாங்குவதை நிறுத்தின. இந்தியத் தபால் இலாகாவும் ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை அனுப்பவில்லை. அக்டோபர் 15-ந் தேதிதான் மறுபடி தொடங்கியது. கைவினைப் பொருள் செய்து தபாலில் அனுப்பும் இந்தியக் குடும்பங்களுக்கு அது ஏழு வாரச் சோதனை.

யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?

இணையத்தால் வந்த லாபம் பொய் அல்ல. மூலைக் கிராமத்துப் பெண்ணும் ஊர் ஊராகச் சரக்கு அனுப்ப முடிகிறது.

நஷ்டமும் பொய் அல்ல. காகிதத்தைத் தொட்டுப் பார்த்து வாங்குவது போயிற்று. ‘இந்தக் கோந்து படத்தைக் கெடுக்குமா?’ என்று கேட்டால் பதில் சொன்ன கடைப் பெண்ணின் வேலை போயிற்று. தெருக் கடைக்காரருக்கு ஒரே ஒரு வீட்டுக்காரர். வாடகையைப் பற்றி முகத்தைப் பார்த்துப் பேசலாம். இணையக் கடைக்காரருக்கும் வீட்டுக்காரர் உண்டு, முகம் கிடையாது.

ஆகவே, வீட்டிலிருந்தே வியாபாரம் என்று இறங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது வர்ணக் காகிதம் அல்ல. ஒரு கணக்கு நோட்டு. பிடித்தம், தபால், கொள்முதல், தன் கூலி, நாலையும் எழுதிப் பார்த்த பிறகே விலை சொல்ல வேண்டும். ஒரே சந்தையை நம்பாமல், வாடிக்கையாளர்களை நேரிலும் தேடிக்கொள்வது நல்லது.

வியாபாரம் எப்படி மாறினாலும் ஒட்டு ஏட்டின் வேலை மாறவில்லை. கைபேசி தண்ணீரில் விழுந்தால் ஆயிரம் படமும் போய்விடலாம். அமிலம் இல்லாத தாளில் ஒட்டி, கீழே பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு படம், பேரன் காலத்திலும் பாட்டி யார் என்று சொல்லும்.