வரி கற்பிக்கும் பாடம்

வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளியாதார் நம்மில் மிகச் சிலரே. பொருள் பறிப்பதொன்றே அதன் தொழில் என எண்ணிவிடுகிறோம். ஆயின், மாந்தரின் பழக்கத்தை மாற்றும் ஆற்றலும் வரிக்கு உண்டு என்பதைப் பிரித்தானியாவின் கம்பனிக் கார் வரி நன்கு எடுத்துக்காட்டுகின்றது.

அந்நாட்டில் கம்பனியொன்று தன் உத்தியோகத்தருக்குச் சொந்தப் பாவனைக்கும் சேர்த்துக் காரொன்றை வழங்குமாயின், அது ஊதியத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படும். காரின் பட்டியல் விலையில் குறித்த வீதத்தைக் கணித்து, அத்தொகைக்கு அவர் வருமான வரி செலுத்தல் வேண்டும்.

2002ஆம் ஆண்டுக்கு முன்னர் இருந்த விதி விந்தையானது. கம்பனி அலுவலாக ஆண்டில் 18,000 மைலுக்கு மேல் ஓடியவருக்கு வரி குறைவு! ஆண்டு முடியுமுன் மைற்கணக்கை நிரப்புவதற்கென்றே வேண்டாத பயணம் செய்ய அவ்விதி தூண்டுகோலாயிற்று. புகையைப் பெருக்கியவருக்கே பரிசு கிடைத்தது. 2002 ஏப்ரலில் அது மாற்றப்பட்டு, கார் வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவே வரிக்கு அளவுகோலாயிற்று.

2020 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் மின்சாரக் காருக்கான வீதம் பூச்சியமாக்கப்பட்டது. பின்னர் அது மெல்ல உயர்ந்து, 2025 ஏப்ரலில் நூற்றுக்கு 3 ஆயிற்று. அதே ஆண்டில் மிகுதியாகப் புகை கக்கும் காருக்கு வீதம் 37.

கணக்கைப் பார்ப்போம். 40,000 பவுண் விலையுள்ள இரு கார்கள்; ஒன்று அதிகம் புகை கக்கும் பெற்றோல் கார், மற்றது மின்சாரக் கார். நூற்றுக்கு 40 வீதம் வருமான வரி செலுத்தும் ஒருவர் அவ்வாண்டில் முன்னையதற்கு 5,920 பவுணும், பின்னையதற்கு 480 பவுணும் செலுத்துவார். ஆயிரம் அறிவுரை செய்யாததை இவ்வொரு கணக்குச் செய்துவிடுமன்றோ!

எனினும், இச்சலுகை யாருக்குப் பெரிதும் பயன்படுகின்றது என்றும் நாம் கேட்டல் வேண்டும். நூற்றுக்கு 20 வீதம் வரி செலுத்துவோர் அதே காரினால் அடையும் மிச்சம் பாதியே. ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கார் பெறும் முறையும் உண்டு. ஆனால், அதனால் ஊதியம் சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழ் இறங்கலாகாது. ஆதலின், சிறு சம்பளத்துக்கு நோயாளரைப் பராமரிக்கும் பெண்மணிக்கு அக்கதவு பெரும்பாலும் அடைத்தே கிடக்கும். வீட்டோடு கார் நிறுத்த இடமில்லாதார், வீட்டு மின்சாரத்திலும் விலை கூடிய பொது மின்னேற்ற நிலையங்களையே நாடவேண்டியவராவர்.

ஓர் ஆறுதல் உண்டு. கம்பனிக் கார்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் பழைய கார்ச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. இன்று மேலாளர் ஓட்டும் மின்சாரக் கார், நாளை எளியவர் கைக்கு எட்டும் விலையில் வரலாம்.

இலண்டனில் தொழில்புரியும் பிள்ளைகள், மருமக்களையுடைய நேயர்கள் ஒன்றை அவர்களுக்கு எழுதலாம். அறிவிக்கப்பட்டவாறு மின்சாரக் காருக்கான வீதம் 2027இல் 5, 2028இல் 7, 2029இல் 9 என ஏறவிருக்கின்றது. காரைத் தெரிவு செய்வோர் முதலாண்டுக் கணக்கை மாத்திரம் பார்த்து மகிழாது, கார் தம்மிடம் இருக்கும் ஆண்டுகள் அனைத்துக்கும் கணக்குப் பார்ப்பதே விவேகம்.

நல்வழிக்குத் திருப்பும் வரி நல்ல வரியே. அவ்வழியில் எளியவரும் நடக்க இடமிருக்குமாயின், அது நீதியான வரியுமாகும்.