நாம் மேய்த்தால் அத்துமீறல், பேராசிரியர் மேய்த்தால் ஆய்வா?

உங்கள் தோட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது வந்து போயிருக்கிறார்களா? வேனில் வந்து இறங்குவார்கள். ஆபீஸில் தேநீர் குடிப்பார்கள். மண்ணைத் தோண்டிப் பையில் போட்டுக்கொள்வார்கள், செம்பனை மரத்தைச் சுற்றி அளவு எடுப்பார்கள், போய்விடுவார்கள். பிறகு ஒருநாள் பத்திரிகையில் படம் வரும். பல்கலைக்கழகத்தின் பெரியவரும் கம்பெனியின் பெரியவரும் கைகுலுக்கிக்கொண்டு நிற்பார்கள். 'குறைந்த கரிம வேளாண்மைக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று தலைப்பு. 'கிராமப்புற மக்களின் நிலையான மேம்பாடு' என்று கீழே ஒரு வரி. அந்தப் படத்தில் லயத்து ஆள் ஒருவராவது நிற்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

குறைந்த கரிமம் என்றால் என்ன? கொளுத்தாமல், ரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் களைக்கொல்லியையும் குறைத்து, மண்ணைக் கெடுக்காமல் பயிர் செய்வது. காற்றில் சேர்ந்து பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் அதனால் குறையும். இதில் நமக்கு என்ன சண்டை இருக்கிறது? நம் பாட்டனும் பாட்டியும் செய்ததே அதுதானே! லயத்துக்குப் பின்னால் முருங்கை, கீரை, மரவள்ளி, நாலு கோழி, இரண்டு மாடு. சாணம் செடிக்கு, பால் பிள்ளைக்கு, மிச்சப் பால் டவுனுக்கு. நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இது துரை மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. 1923ஆம் ஆண்டின் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவும் மேய்க்கவும் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. வெள்ளைக்காரனுக்கு நம்மேல் பாசம் என்று எண்ணிவிடாதீர்கள். கூலியை உயர்த்தாமல் வயிற்றை நிரப்ப அது ஒரு வழி. ஆனாலும் சட்டத்தில் இருந்தது. இன்று அந்த மாட்டுக்கும் அந்தக் காய்கறிக் கொல்லைக்கும் என்ன கதி?

என் மேசைக்கு வரும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. 'உங்கள் கால்நடைகள் எங்கள் நிலத்தில் அத்துமீறி மேய்கின்றன. குறிப்பிட்ட நாளுக்குள் அப்புறப்படுத்தவும். தவறினால் சட்ட நடவடிக்கை.' பெரும்பாலும் மலாயில், சில நேரம் ஆங்கிலத்தில். வாங்கியவர் முப்பது வருடம் பால்மரம் சீவி, பிறகு குலை வெட்டி, முதுகு ஒடிந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடையாது. மாடுதான் அவருடைய பென்ஷன்.

இப்போது இதைக் கேளுங்கள். 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. புத்ரா பல்கலைக்கழகம், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள். தீபகற்ப மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் மாடு மேய்கிற இடத்தையும் மேயாத இடத்தையும் ஒப்பிட்டார்கள். முறையாக மாற்றி மாற்றி மேய்த்தால் களைக்கொல்லிக்குப் பதில் மாடே களையைப் பார்த்துக்கொள்ளும், பறவைகளுக்கும் நல்லது என்று எழுதினார்கள். நல்ல ஆய்வு. நான் குறை சொல்லவில்லை. நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்ததை உலகம் நம்புகிற மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நன்றி.

ஆனால் அதே மாடு, அதே புல், அதே மர நிழல். நாம் மேய்த்தால் அத்துமீறல், பேராசிரியர் மேய்த்தால் 'நிலையான வேளாண்மை'! எந்த ஊர் நியாயம் இது?

களைக்கொல்லி என்றதும் எனக்கு மருந்தடிக்கிற நம் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். முதுகில் தோம்பு, முகத்தில் ஒரு துணி, கையில் உரிந்த தோல். பாராகுவாட் என்ற அந்த விஷத்தைப் பற்றித் தெனகானித்தா அமைப்பு போராடியது. 2002இல் அரசாங்கம் தடை என்று அறிவித்தது. 2006இல் கம்பெனிகளின் பேச்சைக் கேட்டுத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். நடுவில் ஓடிய ஆண்டுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடு தின்றிருக்க வேண்டிய புல்லுக்கு நம் அக்காமார்களின் நுரையீரலும் நகமும் விலையாகப் போயின. இதை எந்தக் கரிமக் கணக்கில் எழுதுவார்கள்?

கம்பெனியின் பக்கத்தையும் கேட்போம். கன்றுச் செடியை மாடு கடித்துவிடும், மண் இறுகிவிடும் என்கிறார்கள். இளம் செடி உள்ள இடத்தில் மேய்க்கக்கூடாது என்பது உண்மைதான். அதற்குத்தான் வேலி இருக்கிறது, மேய்ச்சல் அட்டவணை இருக்கிறது, அந்த ஆய்வாளர்களே வழி சொல்லியிருக்கிறார்கள். மாடு மீத்தேன் விடுகிறதே என்றும் ஒரு வாதம் வரும். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து கிளம்புவதும் மீத்தேன்தான். ஒரு டன் கழிவுநீர் ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயுவை விடும். குளத்துக்குக் கொடுத்த கால அவகாசத்தை மாட்டுக்குக் கொடுக்கக்கூடாதா?

பாசோ காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிம்பாங் பெர்த்தாங் பக்கத்தில், மூன்று பக்கமும் செம்பனை சூழ நிற்கிற காடு. அங்கே 1980களின் நடுவில் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 50 எக்டர் நிலத்தை ஆய்வுக்கு எடுத்தன. ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள குச்சியிலிருந்து எல்லா மரத்துக்கும் எண் போட்டார்கள். 3 லட்சத்து 35 ஆயிரம் மரங்கள், 814 வகை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போய் எது வளர்ந்தது, எது செத்தது என்று எண்ணுகிறார்கள். காடு மூச்சு விடுவதை அளக்கக் கோபுரமே கட்டியிருக்கிறார்கள். உலகத்துக்கே பயன்படும் வேலை அது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. வேலியின் அந்தப் பக்கம் விரலளவு செடிக்கு எண் இருக்கிறது. இந்தப் பக்கம் லயத்தை இடித்தபோது வெளியேறிய குடும்பங்களை எந்தப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேடிப் போய் எண்ணுகிறது?

பல்கலைக்கழகத்தால் முடியாத காரியம் அல்ல இது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு ஓடின, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், நம் மக்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் தலைமையில், 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்தார்கள். வேலை போனது, கூலி குறைந்தது, வீடு போனது எல்லாவற்றையும் எழுதினார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லித் தோட்டம் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். பிற்பாடு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் தோட்டத்தைத் துண்டு போட முடியாது. ஆக, பேராசிரியர்கள் மரத்தை மட்டும்தான் எண்ணுவார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

'எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான்' என்று கம்பெனிகள் சொல்லும். நிலையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு 2004இல் தோன்றியது. அதன் சான்றிதழ் பெற்ற எண்ணெயை உலகிலேயே அதிகம் தயாரித்தது சைம் டார்பி பிளாண்டேஷன். அதே கம்பெனியின் எண்ணெயைத்தான் 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, துறைமுகத்தில் தடுத்தது. கம்பெனி பல திருத்தங்கள் செய்த பிறகு 2023 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நேற்று நம் பாட்டன் இருந்த இடத்தில் இன்று அவர்கள். அவர்களை எதிரியாக நினைக்காதீர்கள்.

நான் வழக்கறிஞன், கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். நாற்பது வருடம் மேய்த்தோம், ஆகவே நிலம் நமது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீண்ட நாள் இருந்ததாலேயே பட்டாக்காரரின் உரிமை போய்விடாது என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு. 2012 நீதிமன்ற விதிகளின் 89ஆம் கட்டளையைப் பிடித்தால், முழு விசாரணை இல்லாமலே கம்பெனி காலி செய்யும் உத்தரவு கேட்கலாம். நேரமும் நம் பக்கம் இல்லை. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் ஒன்றரை லட்சம் எக்டருக்கு மேல் 'மலேசிய விஷன் வேலி' திட்டத்துக்குள் வருகிறது. செம்பனையே போகப்போகிற இடத்தில் மாட்டுக்கு யார் இடம் வைப்பார்கள்?

ஆகவே இப்போதே கேட்க வேண்டும். தோட்ட நிலத்தில் எந்தப் பல்கலைக்கழகம் குறைந்த கரிமம் என்று கையெழுத்துப் போட்டாலும், அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் மூன்றாவது தரப்பாகக் கையெழுத்துப் போட வேண்டும். மேய்ச்சல் நிலம் எவ்வளவு, காய்கறி நிலம் எவ்வளவு, எத்தனை ஆண்டுக் குத்தகை என்று எழுத்தில் வேண்டும். தோட்டம் விற்கப்பட்டால் அந்தக் குத்தகை வாங்குபவரையும் கட்டுப்படுத்த வேண்டும். மாநில அரசாங்கத்துக்கு நிலத்தின் மேல் அதிகாரம் இருக்கிறது. மந்திரி பெசார் 'கம்பெனி விவகாரம்' என்று கையை விரிக்க முடியாது.

உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த ஆண்டு முதல் மேய்க்கிறீர்கள், எந்த மேனேஜர் அனுமதித்தார், கொட்டகை எப்போது கட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, பழைய படம் எதையும் எறியாதீர்கள். மலேசியச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். சான்றிதழைப் பரிசோதிக்க வருகிற தணிக்கையாளர் தொழிலாளர்களையும் சுற்றியுள்ள மக்களையும் விசாரித்தே ஆகவேண்டும் என்பது விதி. அவர் என்றைக்கு வருகிறார் என்று ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். அன்று கிராணி பொறுக்கி நிறுத்திய நாலு பேர் மட்டும் பேசிவிட்டுப் போகவேண்டாம். மாடு வைத்திருக்கிற எல்லாரும் போங்கள். மருந்தடித்த அக்காமார்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.