ஒற்றை ஓட்டு

அநீதியின்மேல் கட்டப்பட்ட ஒரு சட்டசபையில் நியாய உணர்ச்சியுள்ளவர் அமரலாமா? அமர்ந்தால் அச்சபைக்கு இல்லாத கௌரவத்தை அளிப்பதாகும் என்பர் பகிஷ்காரக் கட்சியார். வெளியே நின்றால் உள்ளே நடப்பதைத் தட்டிக் கேட்பவர் யார் என்பர் மறுகட்சியார். இவ்வழக்கை வெறும் தர்க்கத்தால் தீர்க்க இயலாது. தென்னாப்பிரிக்கப் பார்லிமெண்டில் 36 ஆண்டுகள் இருந்த ஹெலன் ஸுஸ்மான் அம்மையாரின் வாழ்க்கை இதில் நல்ல சாட்சியமாகும்.

அம்மையார் 1917-ல் ஜெர்மிஸ்டன் நகரில், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சர்வகலாசாலையில் பொருளாதாரச் சரித்திரம் போதித்து வந்தவர், 1953-ல் ஹௌட்டன் தொகுதியிலிருந்து ஐக்கியக் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குச் சென்றார். நிறபேதக் கொள்கையை எதிர்ப்பதில் அக்கட்சி காட்டிய தயக்கத்தைப் பொறாமல், 1959-ல் வேறு சிலருடன் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தார். 1961 தேர்தலில் மற்றவர் யாவரும் தோற்க, அவர் ஒருவரே வென்றார். அதுமுதல் 1974 வரை, 13 ஆண்டுகள், அச்சபையில் அக்கட்சிக்கு அவர் ஒருவரே அங்கத்தினர்.

ஆப்பிரிக்கருக்கோ இந்திய வம்சத்தாருக்கோ ஓட்டுரிமை இல்லாத சபை அது. 1963-ல் அங்கே ஒரு மசோதா வந்தது. எவரையும் வாரண்டின்றிப் பிடித்து, குற்றம் சாட்டாமல், வக்கீலைக் காணவிடாமல் 90 நாட்கள் அடைத்து வைக்கலாம். தவணை முடிந்ததும் மறுபடியும் அடைக்கலாம். பிரதான எதிர்க்கட்சியும் இதை ஆதரித்தது. எதிர்த்து ஓட்டளித்தவர் ஸுஸ்மான் அம்மையார் ஒருவரே. அதனால் சட்டம் நின்றுவிடவில்லை. ஆயினும் சபை ஏகமனதாக ஒப்பியது என்று சர்க்கார் சொல்லிக்கொள்ள வழியில்லாமற் போயிற்று.

ஓட்டினும் கூரிய ஆயுதம் கேள்வி. பாஸ் சட்டங்களின்கீழ் பிடிபட்டோர் எத்தனை பேர், விசாரணையின்றி அடைபட்டோர் எத்தனை பேர் என்று அவர் ஓயாது கேட்டார். மந்திரிகள் பதிலளித்தாக வேண்டும். அப்பதில்கள் சபைக் குறிப்பில் ஏறும். பத்திரிகைகள் அவற்றை அச்சிடலாம். இக்கேள்விகள் வெளிநாடுகளில் தேசத்துக்கு மானக்கேட்டை உண்டாக்குகின்றன என்று ஒரு மந்திரி சீறியபோது, மானக்கேடு தம் கேள்விகளால் அன்று, மந்திரியின் பதில்களாலேயே என்று அம்மையார் விடையிறுத்தார். 1967-ல் ராபன் தீவுச் சிறைக்கு நேரில் சென்று நெல்ஸன் மண்டேலாவைச் சந்தித்தார். கைதிகளை வதைத்த ஒரு வார்டரைப்பற்றி அங்கு கேட்டறிந்ததை அதிகாரிகளிடம் வற்புறுத்தவே, அவ்வார்டர் விரைவில் அகற்றப்பட்டார்.

குறைகளை நாம் மறைக்க விரும்பவில்லை. அவருடைய கட்சி 1978 வரை தகுதி வரம்புடைய ஓட்டுரிமையையே கோரிற்று. தென்னாப்பிரிக்காவின்மீது பிற நாடுகள் பொருளாதாரத் தடை விதிப்பதையும் அவர் எதிர்த்தார். இதற்காக விடுதலைப் போராட்டக்காரர் பலர் அவரைக் கடிந்தனர். அந்நாட்டுக்கு விடுதலையைத் தேடித் தந்தது பார்லிமெண்டு ஆசனமும் அன்று. சிறைப்பட்டும் குண்டடிபட்டும் போராடிய ஜனங்களே அதை அடைந்தனர்.

ஆயினும் பகிஷ்காரக் கட்சியாரின் வாதம் அவர் விஷயத்தில் பொருந்தாது என்பதே நமது அபிப்பிராயம். தம் ஆசனத்தை அவர் பதவியாகக் கருதவில்லை. பூட்டிய அறையின் ஜன்னலாகக் கொண்டார். உள்ளே நடந்ததை உலகம் பார்த்தது; அடைபட்டோரின் குரல் வெளியே வந்தது. அச்சபைக்கு அவரால் கௌரவம் கூடவில்லை; அதன் வேஷமே கலைந்தது.

1989-ல் அவர் சபையிலிருந்து விலகினார். 1994-ல் எல்லா இனத்தாரும் ஓட்டளித்த முதல் தேர்தலை நடத்திய கமிஷனில் ஓர் அங்கத்தினராக இருந்தார். 2009-ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானார். சட்டசபை செல்ல விரும்புவோரிடம் தேச பக்தர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தம் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருங்கே கைதூக்கும் வேளையில், தனியே எழுந்து ‘இல்லை’ என்று சொல்லும் நெஞ்சுரம் உமக்கு உண்டா?