நயாகராவின் பகலும் இரவும்

நயாகரா அருவியில் எவ்வளவு நீர் விழவேண்டும் என்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. 1950ஆம் ஆண்டு அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தின் பகலில் விநாடிக்குக் குறைந்தது ஏறத்தாழ 2,800 கன மீட்டர் நீர் விழவேண்டும். மற்ற வேளைகளில் பாதி போதும். எஞ்சிய நீர் மின் நிலையங்களுக்குத் திருப்பப்படலாம்.

உயரம் 50 மீட்டர் எனக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். அந்தப் பாதி நீரின் திறன் ஏறத்தாழ 690 மெகாவாட்! வெறும் காட்சிக்காக இவ்வளவு இழப்பா என்று கேட்கலாம். இது வீண் என்று நான் கருதவில்லை. அழகின் விலையைக் கணக்கிட்டு, அறிந்தே கொடுக்கிறார்கள். கணக்குப் பார்க்காமல் அருவியைக் காப்போம் என்பதும், அணை கட்டுவோம் என்பதும் வெறும் பேச்சே. அடுத்த முறை அருவிக்குச் செல்லும்போது அதன் உயரத்தையும் நீரளவையும் கேட்டறிந்து நீங்களே கணக்கிடுங்கள். வியப்பு குறையாது, பெருகும்.