வட்டுக்கு எதற்குக் குடியுரிமை?

ஜப்பானில் வெளியான பழைய விளையாட்டு வட்டை முறையாக விலைகொடுத்து வாங்கி, வேறொரு நாட்டுக்கென விற்ற புதிய கன்சோலில் இட்டால் அது பெரும்பாலும் ஓடாது. இதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன: தொழில்நுட்பக் காரணம், திருட்டுப் பிரதி ஒழிப்பு. எதையும் ஐயுறப் பழகிய கல்விப்புலத்தினரும் இவற்றைக் கேள்வியின்றி ஏற்பதே வியப்பு.

முதல் சமாதானத்தைப் பார்ப்போம். முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளில் தடத்தை மிக நுண்ணிதாக நெளியச் செய்து, அந்நெளிவில் நான்கு எழுத்துகளைப் பொறித்தார்கள். ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. ஈற்றெழுத்து மாறியிருந்தால் கன்சோல் வட்டை மறுக்கும். தொலைக்காட்சி முறைகள் வெவ்வேறு என்பதால் இப்பிரிவினை என்பார்கள். அப்படியானால், ஒரே என்டிஎஸ்சி முறையைக் கையாண்ட ஜப்பானையும் அமெரிக்காவையும் பிரித்தது எது? வணிகம் அன்றி வேறில்லை.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 இதை இன்னும் தெளிவாக்கியது. தனக்கென வெளியான விளையாட்டுகளை, அரிதான விதிவிலக்கு நீங்கலாக, எந்நாட்டு வட்டாயினும் அது ஏற்றது. முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளை மென்பொருள் வழியாகவே இயக்கவும் செய்தது. ஆயினும் அப்பழைய வட்டு வேற்றுப் பிராந்தியத்தது எனில் மறுத்தது. இயலாமை அன்று இது, விருப்பமின்மை.

இரண்டாம் சமாதானத்துக்கு 2005இலேயே விடை கிடைத்துவிட்டது. சோனி தொடர்ந்த வழக்கில் ஆஸ்திரேலியாவின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம், இந்தப் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, நகலை இயக்குவதையே தடுக்கிறது. ஆகவே அது அன்றைய சட்டம் காக்கும் பூட்டு ஆகாது என்றது. பின்னர் 2006இல் அந்நாடு சட்டத்தைக் கடுமையாக்கியபோதும், சந்தையைப் புவிப்பரப்பால் கூறுபோடும் பூட்டுக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. சொந்த வட்டை ஆய்வுக்காக வாசிப்பது அந்நோக்கத்தில் அடங்காது என்பதே என் வாசிப்பு.

இது பொழுதுபோக்கு ஆர்வலர்களின் மனக்குறை என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். ஜப்பானியத்தில் 'வதாஷி', 'போகு', 'ஓரே' எனத் தன்மைப் பெயர்கள் பேசுவோரின் இயல்பையும் உறவுநிலையையும் உணர்த்துவன. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். இழந்ததை மொழிபெயர்ப்பாளர் எங்கே, எவ்வாறு ஈடுசெய்தார் என்று ஆராய இரு வட்டுகளையும் அருகருகே ஓட்டியாக வேண்டும். புதுப்பதிப்பு போதாதா எனில், போதாது. 'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்' விளையாட்டின் 1998 ஆங்கில வடிவம் வேறு. பழமை தோய்ந்த நடையில் புதிதாக மொழிபெயர்த்த 2007 பதிப்பு வேறு. சுவடிகளின் பாடபேதங்களுக்குப் பக்கம் பக்கமாக அடிக்குறிப்பு எழுதும் நாம், இங்கே மட்டும் திருத்திய பதிப்பை மூலமென ஏற்பது என்ன நியாயம்?

ஆகவே, நிறுவனங்கள் விற்று ஓய்ந்த கன்சோல்களின் பிராந்தியப் பூட்டுகளையேனும் திறந்துவிட வேண்டும். நம் பல்கலைக்கழக நூலகங்கள் இவ்வட்டுகளைப் பனுவல்களாகக் கருதி, அவற்றை இயக்கும் கருவிகளோடு சேர்த்துச் சேகரிக்க வேண்டும். வட்டுகளும் அவற்றை வாசிக்கும் கருவிகளும் ஆண்டுதோறும் பழுதாகி வருகின்றன. மொழித்துறைகள் இக்கோரிக்கையை எழுத்தில் வைக்க இன்னும் எதற்குக் காத்திருக்கின்றன?