டயாலிசிஸ் இலவசம்தானுங்க, நாளு?

போன வாரம் சென்னையில இருந்து வந்த நண்பர் ஒருத்தர் எங்க திண்ணையில உக்காந்துக்கிட்டு சொன்னாரு: "கவர்மெண்டு டயாலிசிஸ இலவசமா பண்ணுது. அப்படியும் கிராமத்துக்காரங்க பாதியில விட்டுடறாங்க. விழிப்புணர்வு பத்தலைங்க." வீட்டுக்கு வந்தவரோட எதுக்குச் சண்டைன்னு காப்பி குடுத்து அனுப்பிட்டேன். பதிலை இங்க எழுதறேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு வயசு 52. சர்க்கரை, கூடவே பிரஷர். ரெண்டு கிட்னியும் போய் ரெண்டு வருஷமாச்சு. காப்பீட்டு அட்டை இருக்கறதால டயாலிசிஸுக்குக் கைக்காசு போகலை. அதைக் குறை சொன்னா நான் நன்றி கெட்டவன். அட்டை எல்லாம் வர்றதுக்கு முன்னாடி இதே சீக்கு வந்தவங்க முதல்ல காட்டை வித்தாங்க, அப்புறம் செத்தாங்க.

ஆனா நாள் கணக்குன்னு ஒன்னு இருக்குதே. மெஷின்ல ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூணு தடவை. பன்னெண்டு மணி நேரம்தானேன்னு டவுன்ல இருக்கறவங்களுக்குத் தோணும். அண்ணன் காலையில அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்கணும். டவுன்ல இறங்கி இன்னொரு பஸ். மெஷின் காலியாகற வரைக்கும் காத்திருக்கணும். முடிச்சு, ஊசி குத்தின இடத்துல ரத்தம் நிக்கற வரைக்கும் அழுத்திப் பிடிச்சிருந்து, தலைசுத்தல் அடங்கி வீடு வந்து சேர மூணு மணி. வந்ததும் கயித்துக் கட்டில்ல விழுந்தா பொழுது சாயறது தெரியாது. "கரும்பை ஆலையில விட்டு எடுத்த மாதிரி இருக்குது தம்பி"ம்பாரு. தனியா அனுப்ப முடியாதுன்னு அண்ணியும் கூடப் போறாங்க. ரெண்டு பேரு பொழப்பும் வாரத்துல மூணு நாளு போச்சு. 2021ல இருந்து டவுன் பஸ்ஸுல அண்ணிக்கு டிக்கெட் இல்லை. நோயாளி அண்ணன் டிக்கெட் எடுக்கறாரு!

வாழறதுன்னா என்னன்னும் கொஞ்சம் பாருங்க. இடது கையில ரத்தக்குழாயை இணைச்சு ஃபிஸ்டுலா வச்சிருக்காங்க. அந்தக் கையில வெயிட்டு தூக்கக் கூடாது. மண்வெட்டி பிடிச்சு மடை திருப்பின கை அது. போற ஒன்னுக்கோட அரை லிட்டர் கூட்டி, அதுதான் ஒரு நாளைக்குத் தண்ணி. சித்திரை வெயில்ல அரை டம்ளரை வாயில வச்சுக் கொப்பளிச்சுத் துப்பறாரு. அவருக்குத் தென்னந்தோப்பு இருக்குது. இளநீர் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுடும். பார்க்க வர்ற சொந்தக்காரங்க பாசத்துல வெட்டிக் குடுக்கறதே அதைத்தான்!

மஞ்சள் வெட்டு நடந்தப்ப ஆள் கிடைக்கலைன்னு ஒரு முறை போகாம விட்டாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கி, 108ல தூக்கிட்டுப் போனோம். கிட்னி ராப்பகலா பண்ற வேலையை மெஷின் வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரத்துல பண்ணப் பார்க்குது. இடைவெளி நீண்டா தண்ணி நுரையீரல்ல கோத்துக்கும். சாவு அதிகம் நடக்கறதும் அந்த நீண்ட இடைவெளியிலதான். இது அண்ணனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். மஞ்சளும் காத்திருக்காதுன்னும் தெரியும். இதுக்குப் பேரு விழிப்புணர்வு இல்லாததா?

என் கோபம் இங்கதான். மெஷினே இல்லாம வீட்டுல பண்ற டயாலிசிஸ் ஒன்னு இருக்குது. சி.ஏ.பி.டி.ம்பாங்க. வயித்துல சின்னக் குழாய் வச்சு, ரெண்டு லிட்டர் பை மருந்து நீரை உள்ள விட்டு, சில மணி நேரம் கழிச்சு வடிச்சுட்டுப் புதுசா விடறது. ஒரு நாளைக்கு மூணு, நாலு தடவை, ஒவ்வொன்னும் அரை மணி நேரம். கரண்டும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல இந்தப் பையை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கற ஏற்பாடு இருக்குது. ரெண்டு வருஷத்துல அண்ணன்கிட்ட இதைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை.

நான் போய்க் கேட்டதுக்கு, "கிராமத்துல சுத்தம் பத்தாதுங்க, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்"னு பதில் வந்துச்சு. ஆபத்து உண்டுதான், மறுக்கலை. வடியற தண்ணி கலங்கினா, வயிறு வலிச்சா உடனே ஓடணும். எல்லாருக்கும் ஒத்தும் வராது. ஆனா, காலையில நாலு மணிக்கு மடி கழுவி, கை கழுவி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தற அண்ணிக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுத்தா வராதா? சொல்லிக் குடுத்துப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.

எத்தனை மெஷின் வாங்கினோம், எத்தனை தடவை ஓட்டினோம்னு கணக்கு வைக்கறாங்க. வெச்சுக்கட்டும். மெஷின்ல படுத்தவரு அந்த மாசம் எத்தனை நாள் சொந்தக் கால்ல தோட்டத்துக்குப் போனாருன்னும் ஒரு பத்தி போடுங்க. வீட்டு டயாலிசிஸ் ஒத்து வராதவங்களுக்கு, தாலுகா ஆஸ்பத்திரியில நாலு மெஷினும் கூட்டிப் போக ஒரு வண்டியும் குடுங்க.

சென்னை நண்பரே, இதைப் படிச்சா போன் பண்ணுங்க. வர்ற திங்கக்கிழமை அண்ணனைப் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், வயித்து வழி டயாலிசிஸ் அவருக்கு ஆகுமான்னு கேக்க. அஞ்சரை பஸ்தான். நீங்களும் வாங்க.